எண்பது திர்ஹாம்

அல் நஹ்தா. ஒன்பதாம் மாடி. லிஃப்டில்
யாரோ விட்டுப்போன மீன்குழம்பு வாசம்.
ஜெபக்கனி கதவைத் திறந்தபோது
வீடு பாதி அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது.
வியாழன் இரவு ஃப்ளைட். விசா கேன்சல்.
சோபாவைத் தூக்கிப் போய்விட்டார்கள்.
ஃப்ரிட்ஜ் கீழ்வீட்டு மிஸ்ரிக்கு.
மிச்சம் ஒரு ரைஸ் குக்கர், இரண்டு திரைச்சீலை,
ஜன்னலோரம் சுவரைப் பார்த்தபடி
குழந்தை சீட்.

நாளை காலை பதினொன்றுக்கு டிஸ்சார்ஜ்,
மாஜிதாவுக்கும்
மூன்று கிலோ இருநூறு கிராமுக்கும்.
பெயர் இன்னும் முடிவாகவில்லை.

ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது நர்ஸ் சொன்னார்:
“பழசானால் ஆக்சிடென்ட் ஆயதாணோன்னு
சோதிக்கணும், கேட்டோ.”
அவர் மலையாளத்தில் சோதிப்பதென்றால் கேட்பது.
என் தமிழில் புரட்டிப் பார்ப்பது.
இரண்டையும் செய்வதாகத்தான் வந்திருந்தேன்.

புரட்டினேன். அடியில் தேதி,
இன்னும் மூன்று வருடம் தாங்கும்.
பக்கிளின் பல்லிடுக்கில் பிஸ்கட் தூள்.
மாட்டினால் டக்.

மச்சான் போனில் கேட்டிருந்தான்:
ஆஸ்பத்திரியிலிருந்து நாலு சிக்னல்,
மடியில் வைத்தால் போதாதா?
நானூறு திர்ஹாம், நாலு கரும்புள்ளி என்றேன்.
செம்புள்ளி?
கிடையாது. கழுதையும் கிடையாது.
சிரித்தான். நானும்தான்.
நாலாவது சிக்னல் மட்டும்
எனக்குள் சிவப்பாகவே நின்றது.

“அக்கா, இது ஆக்சிடென்ட் எதுலயாவது...”

ஏசி ஒருமுறை நின்று மறுபடி ஓடியது.

“ஆறு பேர் வந்தாங்க.
விலை கேட்டாங்க. குறைச்சுக் கேட்டாங்க.
உறையைத் துவைச்சீங்களான்னு கேட்டாங்க.
இத ஒருத்தரும் கேக்கல.”

ஜனவரி. எமிரேட்ஸ் ரோடு. மூடுபனி.
முன்னால் போன பிக்கப்
இல்லாமல் போய், பிறகு
திடீரென்று இருந்தது.
ஜோவினின் இரு தோளிலும் நீலக்கோடு,
பதினைந்து நாள் இருந்ததாம்.
பிறகு அதுவும் இல்லை.
அந்த ஜோவின் இப்போது
குக்கர் மூடியை ஸ்டியரிங்காகப் பிடித்து
காலி ஹாலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“தூக்கிப்போட மனசு வரல தம்பி.
புள்ளையத் திருப்பிக் குடுத்த சாமான்.
உள்ள எங்கயோ விரிசல் இருக்குமாம்,
வெளிய தெரியாதாம்.
தெரிஞ்சேதான் எண்பது போட்டேன்.”

கோபப்பட இடம் தேடினேன்.
எல்லா இடத்திலும் பெட்டிகள்.

அப்படியே கீழே குப்பையில் வைத்தால்
பத்து நிமிடத்தில் யாரோ எடுப்பார்கள்,
அறுபதுக்கு யாரோ வாங்குவார்கள்,
அவர்களுக்கும் நாளைக்கு டிஸ்சார்ஜ் இருக்கும்.
கார்கோ பெட்டியின் டேப்பைக் கிழித்து
மீன் கத்தரியை எடுத்து வந்தார்.
கத்தரி வழுக்கியது. ரொட்டிக் கத்தி.
அவர் பிடிக்க நான், நான் பிடிக்க அவர்.
நாடா அறுபடவே மாட்டேனென்றது.
அன்றைக்கும்
இப்படித்தான் அடம்பிடித்திருக்கும்.

கடைசி இழை விட்டதும்
பிஸ்கட் தூளை உள்ளங்கையில் தட்டி எடுத்தார்.
அதை எங்கே போடுவதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றார்.

குக்கரைப் பத்து திர்ஹாமுக்கு வாங்கினேன்.
மூடியை ஜோவின் தரவில்லை.

இரவு பத்தரை, ஹைப்பர் மார்க்கெட் பார்க்கிங்.
புதுசு நானூற்றுப் பதினைந்து,
அபராதத்தைவிடப் பதினைந்து கூட.
பின்சீட்டில் பின்பக்கம் பார்க்க வைத்து
ஐந்து கிலோ பொன்னியை உட்காரவைத்துக் கட்டினேன்.
தோள் நாடாவைக் கிள்ளினால்
விரலுக்குள் மடியக் கூடாது என்று தாளில் படம்.
மடிந்தது. இறுக்கினேன்.
மறுபடி கிள்ளினேன்.

நாலு சிக்னலும் ஓட்டிப் பார்த்தேன்.
பின்னால் ஹாரன்கள்.
கண்ணாடியில் அரிசியின் முகம் தெரியவில்லை.
முன்சீட்டில் மூடியில்லாத குக்கர்;
ஆளென்று நினைத்து
கார் கீச்கீச்சென்று கத்தியது.
ஓரமாய் நிறுத்தி
அதற்கும் பெல்ட் மாட்டினேன்.